அண்ணாச்சி வயிற்றில் குடியிருப்பவர்கள்

உணவு ஆலோசகரின் தொழிலில் ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை; வாய்ச்சொல் ஒன்றுதான் மருந்து, அதையும் பாதியில் துப்பிவிடுகிறார்கள். வீட்டில் யாரையாவது ஒரு பிடி கீரை தின்னவைக்கப் பாடுபட்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

சாப்பாடு யாருக்கு?

சுடலைமுத்து அண்ணாச்சி, குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். சாரல் தொடங்கினால்தான் பிழைப்பு. சாரலோடு அவருக்குச் சளியும் தொடங்கிவிடும். தும்முகிறவரிடம் யார் முதுகைக் கொடுப்பார்கள்? உடனே ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தானே வாங்கி விழுங்குவார். அதில் வயிறு கெட்டு, போன சீசனில் பாதி நாள் படுத்தேவிட்டார். இந்த முறையும் படுத்தால் அவர் நிற்கும் லாட்ஜில் வேறு ஆள் வந்துவிடுவான். அந்தப் பயத்தில் சாரலுக்கு முன்பே தென்காசியில் எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். டாக்டர் என்னிடம் அனுப்பினார்.

நான் பொறுமையாகச் சொன்னேன். குடலில் கோடி கோடியாக நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. எதிரி யார், வேண்டியவர் யார் என்று நம் உடம்பின் காவல்படையைப் பழக்குவதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. தேவையில்லாத ஆன்டிபயாடிக் அவற்றையும் கொன்றுவிடும். கீரை, பயறு, வெங்காயம் இவற்றிலுள்ள நார்தான் அவற்றின் தீனி. அண்ணாச்சி தன் வயிற்றைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"அப்ப நான் திங்குதது எனக்கில்ல, அவனுவளுக்கா மேடம்?"

ஒரு கொதி

பழைய சோறும் மோரும் சாப்பிடச் சொல்லியிருந்தேன். புளித்த உணவில் நல்ல கிருமிகள் உயிரோடு இருக்கும் என்றும் விளக்கியிருந்தேன். அடுத்த முறை அவர் மனைவி பேச்சியம்மாளும் கூட வந்தார். பழைய சோறு தினமும் தவறாமல் கொடுப்பதாகச் சொன்னார். என் முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டு, பெருமையோடு இதையும் சேர்த்துக்கொண்டார்:

"கிருமி கிடக்குன்னு சொன்னியள்லா, அதான் நல்லா ஒரு கொதி விட்டுத்தான் குடுக்கேன்."

பங்கு பிரிப்பு

கொதிக்கவைத்தால் நல்லவையும் செத்துப்போகும் என்று திருத்தி அனுப்பினேன். அந்த வாரமே ஒரு சாயங்காலம் பரோட்டாக் கடைக்குப் போனேன். (நான் எதற்குப் போனேன் என்று கேட்காதீர்கள்.) உள்ளே அண்ணாச்சி. இலையில் பரோட்டா, சால்னா, பொரித்த கோழி, ஓரத்தில் ஒரு குவியல் வெங்காயம். என்னைப் பார்த்துவிட்டார். அவரே விளக்கம் சொன்னார்.

"பரோட்டா எனக்கு மேடம். வெங்காயம் அவனுவளுக்கு."

முதல் தும்மல்

சாரல் தொடங்கியது. அண்ணாச்சி தும்மினார். அன்றே ஓடிப்போய் மாத்திரை அட்டை வாங்கிவிட்டார். பேச்சியம்மாள் அதைப் பிடுங்கிக்கொண்டு, அவரையும் இழுத்துக்கொண்டு வந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, சாதாரணச் சளிதான், ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றார். அண்ணாச்சி நம்பவில்லை. லாட்ஜில் குளிக்க வருகிறவர்கள் வந்து இறங்கிவிட்டார்கள், படுத்தால் தன் இடம் போய்விடும் என்று அட்டைக்குக் கை நீட்டினார். பேச்சியம்மாள் கொடுக்கவில்லை.

"கீரையும் மோருமா ஊத்தி வளத்து வச்சிருக்கேன். ஒரு தும்மலுக்குப் பயந்து அம்புட்டையும் கொன்னுராதிய."

உள்ளே இருப்பவர்களுக்கும்

சளி தானாகவே போயிற்று. அது கீரையாலா, ஓய்வாலா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வயிறு கெடவில்லை என்பது மட்டும் உறுதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் போனேன். அதே லாட்ஜ் வாசலில் அண்ணாச்சி ஒரு சென்னைக்காரரைப் படுக்கவைத்து வயிற்றில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். வலி முதுகில்தானே, வயிறு எதற்கு என்று அந்த மனிதர் கேட்டார்.

"சும்மா படுங்க சார். உள்ள இருக்கவனுவளுக்கும் சேத்துத்தான் தேய்க்கேன்."

இத்தனை வருட ஆலோசனையில் நான் சொன்னதை முழுதாக நம்பிய ஒரே ஆள் அவர்தான் என்பதால், திருத்த எனக்கு மனம் வரவில்லை.