மல்லாவிக்கு நான் போட்ட தண்டவாளம்

நான் வாழ்க்கையில் ஒரேயொரு பெரிய பொய்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதை ஏழு வருடம் விடாமல் சொன்னேன். சின்னப் பொய்களை இதில் சேர்க்கவில்லை. நான் ஆங்கிலம் படிப்பித்த ரீச்சர். பிள்ளைகளின் கொப்பியில் 'மிக நன்று' என்று எழுதிய இடமெல்லாம் பொய்தான்.

என் கணவர் பரந்தன் ஸ்ரேசனில் பொயின்ஸ்மன். வருகிற கோச்சி எந்தத் தண்டவாளத்தில் ஏற வேண்டுமென்று இரும்புப் பிடியை இழுத்து வழி மாற்றுவதும், சிக்னல் கைகாட்டியை இறக்கி அதை உள்ளே விடுவதும் அவருடைய வேலை. அவருடைய தகப்பன் மலைநாட்டில் றெயில் பாதை திருத்தியவர். தகப்பனுக்கு இருந்த றெயில்வேப் பைத்தியம் மகனுக்கு இரட்டிப்பாக இருந்தது. எங்கள் வீட்டார் சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளைக்குக் குடி உண்டா, சீட்டாட்டம் உண்டா என்றெல்லாம் துருவி விசாரித்தார்கள். கோச்சி உண்டா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், கோச்சி பார்க்கவென்றே இலங்கைக்கு வந்த ஒரு ஜப்பான்காரர் பரந்தனில் இறங்கினார். அவரும் தன் நாட்டு றெயில்வேயில் காட், கோச்சிக்குள் இருந்து கொடி காட்டுகிறவர். என் கணவர் பிடி இழுப்பதைப் பல பக்கமாக நின்று படம் பிடித்தார். மொழிபெயர்க்கவென்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் தேத்தண்ணியோடு போய் நின்றதுதான் மிச்சம். இருவரும் விசில் ஊதியும் கொடி ஆட்டியும் ஒரு பின்னேரம் முழுக்கக் கதைத்து முடித்துவிட்டார்கள். ஊருக்குப் போனதும் அவர் படத்தை அனுப்பினார். கூடவே ஆங்கிலத்தில் ஒரு கடிதம். அன்று தொடங்கியது என் வேலை. கணவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதுவேன். வருகிற கடிதத்தை வாசித்துத் தமிழில் சொல்வேன்.

அந்தக் கடிதங்களால்தான் 'அவோபா' எங்கள் வீட்டுக்குள் வந்தது. அந்தப் பெயருக்குப் பச்சை இலை என்று அர்த்தமாம். ஜப்பானின் வடக்கே புதிதாகப் போட்ட அதிவேகப் பாதையில் எண்பத்திரண்டில் ஓடத் தொடங்கிய கோச்சி அது. ஜப்பான் சிநேகிதருக்கு அதில்தான் வேலை. வெள்ளை உடம்பில் பச்சைக் கோடு போட்டிருக்கும். மணிக்கு இருநூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடும். ஆனாலும் அந்தப் பாதையில் அதுதான் சோம்பேறி. மற்றவை பெரிய ஊர்களில் மட்டும் நின்று பறந்துவிடும். அவோபா ஒரு ஸ்ரேசன் விடாமல் நிற்கும். பின்னால் வேகமாக ஒன்று வந்தால் ஓரத்துத் தண்டவாளத்தில் ஒதுங்கி நின்று வழிவிடும்.

இதை வாசித்துச் சொன்னதும் என் கணவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"அட, இது எங்கடை சாமான் கோச்சியெல்லோ! கடுகதி போகுமட்டும் ஓரத்திலை நிக்கிறது. நான் எத்தினைதரம் அதை ஒதுக்கி விட்டிருக்கிறன்!"

அன்றிலிருந்து அவோபா எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி. முதலில் அது தோக்கியோவுக்கு வெளியே ஓர் ஊரிலிருந்துதான் புறப்பட்டது. பிறகு தோக்கியோவின் உவேனோ ஸ்ரேசன் வரை நீட்டினார்கள். அங்கே மேடை நிலத்துக்குக் கீழே நாலு மாடி ஆழத்தில் இருப்பதாகச் சிநேகிதர் எழுதினார். "கிணத்துக்குள்ளை கோச்சி விடுறாங்கள்" என்று என் கணவர் பரந்தன் சந்தி முழுக்கச் சொல்லித் திரிந்தார். ஒவ்வொரு வருட முடிவிலும் இருவரும் நேரசூசியை, கோச்சி வந்து போகிற நேரங்களின் அட்டவணையை, மாற்றிக்கொள்வார்கள். மற்றவர்கள் வாழ்த்து மடல் அனுப்புவதுபோல இவர்களுக்கு அது.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கியது. கோச்சி நின்றது. கொஞ்சக் காலத்தில் தண்டவாளத்தையும் காணோம், சிலிப்பர் கட்டையையும் காணோம். என் கணவர் அன்றைக்குச் சொன்ன கடிதம் எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

"எழுதும். எங்கடை கோச்சி நிண்டு போச்சு. தண்டவாளத்தைக் கழட்டிக்கொண்டு போட்டினம். கட்டையெல்லாம் பங்கருக்கு மேலை கிடக்குது. நான் இழுத்த பிடி மட்டும் துருப்பிடிச்சு நிக்குது. எனக்குக் கை வேலையில்லாமல் உளையுது எண்டு எழுதும்."

நான் எழுதினேன்: நாங்கள் நலம். வெயில் கடுமை. கோச்சி வழமைபோல ஓடுகிறது.

பயம்தான் காரணம். அந்த நாட்களில் கடிதங்கள் வழியில் திறந்து வாசிக்கப்பட்டன. வாசிக்கிற ஆட்கள் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கவில்லை. குண்டுக்குப் பதுங்குகிற பங்கரைப் பற்றி எழுதி வெளிநாட்டுக்கு அனுப்பினால் எவர் வந்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியாது. இவரிடம் சொன்னால், "உண்மையை எழுத ஏன் பயம்?" என்று சண்டைக்கு வருவார். வாயைப் பொத்திக்கொண்டு எழுதினேன். அவர் கீழே தமிழில் கையெழுத்துப் போட்டார்.

பொய் அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வருட முடிவில் சிநேகிதர் கேட்டார்: உங்கள் புதிய நேரசூசி இன்னும் வரவில்லையே? அந்த வரியை நான் இவருக்கு வாசித்துச் சொல்லவில்லை.

ஓடாத கோச்சிக்கு நான் நேரசூசி போட்டேன். முதல் வருடம் பயந்து பயந்து, பழையதைப் பார்த்து நாலு நிமிடம் முன்பின்னாக மாற்றினேன். இரண்டாம் வருடம் கை பழகிவிட்டது. மூன்றாம் வருடம் எனக்கு அதில் ஆசையே வந்துவிட்டது. சைக்கிளிலும் ட்ரக்ரர் பெட்டியிலும் குலுங்கித் திரிந்த நான், இரவில் வேண்டியபடி கோச்சி விட்டேன். கனகராயன்குளத்துக்கு என்ன குறை என்று அங்கேயும் ஒரு தரிப்பு வைத்தேன். தொண்ணூற்றாறில் நாங்கள் பரந்தனை விட்டு ஓடி மல்லாவியில் கொட்டில் போட்டோம். பள்ளிக்கூடமும் எங்களோடு ஓடி வந்து மரங்களுக்குக் கீழே இருந்தது. விலாசம் மாறியதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டுமே? மாங்குளத்திலிருந்து மல்லாவிக்குப் புதிதாகக் கிளைப்பாதை போட்டிருக்கிறார்கள், கணவருக்கு அங்கே மாற்றம் என்று எழுதிவிட்டேன். சிநேகிதர் மனமார வாழ்த்தி ஒரு பச்சைக் கொடி அனுப்பினார். "ஏனாம் கொடி?" என்று கணவர் கேட்டார். "சும்மா, அன்புக்கு" என்றேன்.

அவோபாவுக்கோ அங்கே இறங்குமுகம். தோக்கியோ நடு ஸ்ரேசன் வரை போய்விட்டது, இரண்டு மாடிப் பெட்டிகூடப் பூட்டினார்கள். ஆனாலும் வருடா வருடம் அதன் ஓட்டங்கள் குறைந்துகொண்டே வந்தன. பக்கத்து ஊர்களுக்கு வேறு பெயரில் வேறு கோச்சி வந்தது.

தொண்ணூற்றேழு கார்த்திகை மாதக் கடைசியில் ஒரு கடிதம் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. அவர் அதை ஆவணியில் எழுதியிருந்தார். வருகிற ஒக்ரோபரோடு அவோபா என்ற பெயரில் ஒரு கோச்சியும் ஓடாதாம். அதோடு தானும் ஓய்வு பெறுகிறாராம். பிறகு எழுதியிருந்ததை மறுபடி மறுபடி வாசித்தேன்.

'என் கோச்சி நிற்கிறது. உங்களுடையது ஓடுகிறது. ஜனவரியில் வந்து அதில் ஏறப் போகிறேன். உங்கள் நாட்டில் சண்டை என்று பத்திரிகையில் வாசித்தேன். ஆனால் கோச்சி நேரத்துக்கு ஓடுகிற இடத்தில் சண்டை இருக்க முடியாது. வவுனியாவிலிருந்து காலைக் கோச்சியில் ஏறி மல்லாவியில் இறங்குவேன்.'

வவுனியாவுக்கும் மல்லாவிக்கும் நடுவில் அப்போது இரண்டு படைகள் நின்றன. ஒரு நல்ல மனிதன் என் நேரசூசியைக் கையில் பிடித்துக்கொண்டு அதற்குள் நடந்து வரப்போகிறான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றே கணவருக்கு முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நான் வைத்திருந்த பிரதிகளைக் கேட்டார். ஏழு வருட நேரசூசியையும் நிலத்தில் விரித்து, குந்தியிருந்து, விரல் வைத்து வாசித்தார். தொண்ணூற்று நாலில் விரல் நின்றது.

"இஞ்சாரும், காலமை ஏழு பத்துக்கு மாங்குளத்தாலை ஒண்டு கிளிநொச்சிக்கு வெளிக்கிடுது. அதே ஏழு பத்துக்குக் கிளிநொச்சியாலை ஒண்டு மாங்குளத்துக்கு வெளிக்கிடுது. இரண்டும் எங்கையப்பா மாறும்?"

"முறிகண்டியிலை?"

"முறிகண்டியிலை ஒண்டையும் நிப்பாட்டேல்லையே நீர்! ஒற்றைத் தண்டவாளம்! நேருக்கு நேர் முட்டும்! ஒரு வருஷம் முழுக்க நாள்தோறும் முட்டியிருக்கும்!"

"அங்கை பிள்ளையார் இருக்கிறார்தானே" என்றேன். வீதியால் போகிற பஸ்காரர்கூட முறிகண்டியில் நிறுத்தித் தேங்காய் உடைக்காமல் போவதில்லை. என் கோச்சிகள் மட்டும் உடைக்காமல் போயிருக்கின்றன. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். தப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அவர் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, என்ரை கோச்சி நிண்டது அவருக்குத் தெரியாதோ?"

"தெரியாது."

"நான் ஏழு வருஷமா நினைச்சன், இந்த மனுசன் ஒரு ஆறுதல் சொல்லுகூடச் சொல்லேல்லையே எண்டு. ஒரு றெயில்வேக்காரனுக்கு இது விளங்காமல் போச்சே எண்டு மனதுக்குள்ளை கோவிச்சுப் போட்டு, பிறகு நானே சமாதானமாகி அடுத்த கடிதம் சொல்லுவன்."

எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஏசவில்லை. தன் துக்கத்தை என்னிடம் தந்து அனுப்பியிருக்கிறார். நான் ஏழு வருடமாக அதை வீட்டிலேயே வைத்திருந்தேன்.

அந்த வாரம் எங்கள் பள்ளிக்கூட அதிபர் வெளியே போகப் பாஸ் எடுத்துக்கொண்டு சுற்றுப்பாதையால் வவுனியாவுக்குப் போக இருந்தார். தந்தி அவரிடம் கொடுத்துவிடலாம். நான் நாலு வசனத்தில் விளக்கி மன்னிப்புக் கேட்டு எழுதியதை என் கணவர் தள்ளி வைத்தார்.

"இவ்வளவும் தேவையில்லை. 'லைன் கிளியர் இல்லை' எண்டு எழுதும். அதுக்குமேலை ஒரு அடி வைக்கமாட்டார்."

அடுத்த ஸ்ரேசன் பாதை திறந்திருக்கிறது என்று சொல்லும்வரை ஒரு கோச்சியும் புறப்படாது. அந்தச் சொல்லைத்தான் சொன்னார். வராதீர்கள், லைன் கிளியர் இல்லை, கடிதம் வரும். அதுதான் தந்தி. கடிதத்தை அவர் தொண்ணூறில் சொன்னபடியே திரும்பச் சொன்னார். துருப்பிடித்த பிடி, உளைகிற கை, ஒன்றும் விடாமல். இம்முறை நானும் ஒன்றும் விடவில்லை. கீழே என் ஏழு வருடப் பொய்யையும் எழுதினேன். அதையும் அதிபர் தன் சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோனார்.

ஜனவரி வந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு ஜப்பான்காரர் வவுனியாவில் நின்று காலைக் கோச்சியைக் கேட்கிறார் என்று எனக்குக் கனவு. பொங்கல் பானையைக்கூட அடிப்பிடிக்க விட்டேன். ஒருவரும் வரவில்லை. பங்குனியில் கடிதம்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய் கணவருக்கு முன்னால் பிரித்தேன். எல்லாவற்றையும் சொல்லுக்குச் சொல் தமிழில் சொல்வதாகச் சத்தியம் பண்ணிக்கொண்டு தொடங்கினேன்.

தந்தி கிடைத்தபோது பெட்டி அடுக்கி முடிந்திருந்ததாம். வாசித்தவுடன் திரும்பக் குலைத்துவிட்டாராம். அவோபாவின் கடைசி ஓட்டத்தில் ஒலிபெருக்கியில் ஒவ்வொரு ஸ்ரேசன் பெயரையும் அவர்தான் சொன்னாராம். கடைசிப் பெயரை மட்டும் இரண்டு தரம் சொன்னாராம். தொண்ணூற்று நாலு நேரசூசியைப் பற்றியும் எழுதியிருந்தார். இரண்டு கோச்சிகள் ஒரே இடத்தில் சந்திப்பதை அப்போதே கண்டாராம். இரட்டைத் தண்டவாளம் போட்டுவிட்டீர்கள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாராம்.

"நல்ல மனுசன்" என்றார் என் கணவர். "மேலை வாசியும்."

மேலே ஒரு கேள்விதான் இருந்தது. கூடவே வாழ்ந்த எனக்குக்கூட ஏழு வருடத்தில் ஒரு நாளாவது கேட்கத் தோன்றாத கேள்வி.

'உங்களுடைய கடைசிக் கோச்சி பரந்தனைத் தாண்டிப் போன அன்று, அதற்குக் கைகாட்டியை இறக்கியது யார்?'

என் கணவர் சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு எழும்பினார். கண் முழுக்கத் தண்ணீர். முகம் முழுக்கச் சிரிப்பு.

"பேனையை எடும்" என்றார். "நான்தான் எண்டு எழுதும்."