கம்ப்யூட்டருக்கு யார் சொன்னது?

காக்களூர் தொழிற்பேட்டையில் மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் பிரின்சிக்கு பேக்கிங் வேலை. வாராவாரம் ஷிஃப்ட் பட்டியலை கேட்டுக்குப் பக்கத்தில் ஒட்டுவார்கள். ஞாயிறு காலை ஷிஃப்டில் அவள் பெயர் தவறாமல் இருக்கும். சர்ச்சில் பாடிக்கொண்டிருந்தவள், இப்போது ஞாயிறுகளில் மூடிகளோடு இருந்தாள்.

ஏன் இப்படி என்று சூப்பர்வைசர் பரசுராமனிடம் கேட்டாள்.

"நானாம்மா போடுறேன்? கம்ப்யூட்டர் போடுது. போய் அதுகிட்ட கேளு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிரின்சிக்குக் காது சூடானது. "கேக்கத்தான் சார் போறேன்" என்றாள்.

வீட்டில் கணவன் இம்மானுவேலிடம் சொன்னபோது, ஷேர் ஆட்டோ ஓட்டிக் களைத்து வந்திருந்த அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "அப்போ கம்ப்யூட்டர் கிளாஸ்ல சேந்துக்கோ" என்றான்.

"கிளாஸ்ல டைப் அடிக்கத்தான் சொல்லித் தருவாங்க. அது உள்ள இன்னா நடக்குதுனு எனக்குத் தெரியணும்யா."

பத்தாவதோடு படிப்பை விட்டவள். ஆனால் தமிழில் எது கிடைத்தாலும் வாசித்துவிடுவாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில், கம்ப்யூட்டர் முதல் பாடம் என்று அட்டையில் போட்டிருந்த புத்தகத்தை வாங்கினாள். மவுசை எப்படிப் பிடிப்பது, கடிதத்தை எப்படி அடிப்பது என்றே கடைசிப் பக்கம் வரை போனது.

"ஆட்டோ இஞ்சின் எப்புடி ஓடுதுனு கேட்டா, ஹேண்டில இப்புடிப் புடினு சொல்றாம்பா" என்று மூலையில் போட்டாள்.

கீழ்வீட்டு அன்புசெல்வன் இன்ஜினியரிங் முடித்தவன். அவனுடைய கல்லூரிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினாள். ஆங்கிலம். அகராதியோடு உட்கார்ந்தாள். ஒரு சொல்லுக்கு அர்த்தம் பார்த்தால் அந்த அர்த்தத்தில் நாலு சொல் புரியவில்லை.

"அக்கா, இதுக்கெல்லாம் மேத்ஸ் தெரியணும். உங்களுக்கு எதுக்கு இது?"

"எதுக்குனு எனக்குத் தெரியும். நீ உன் புக்க எடுத்துக்கோ தம்பி."

திருவள்ளூரில் புத்தகக் கண்காட்சி போட்டிருந்தபோது போனாள். இந்த முறை அட்டையை நம்பவில்லை. ஒவ்வொரு புத்தகத்திலும் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து நின்றபடியே வாசித்தாள். வாசித்ததை மூடிவைத்துவிட்டுத் தன் சொந்த வார்த்தையில் சொல்லிப் பார்த்தாள். சொல்ல வராவிட்டால் திருப்பி அடுக்கினாள்.

கடைக்காரருக்குப் பொறுமை போயிற்று. "பையன் இன்னா படிக்கிறாம்மா? சொல்லு, நானே எடுத்துத் தரேன்."

"பையன் கிடையாது. எனக்குத்தான்."

"அதுக்காக எல்லாத்தையும் நின்னுக்கினே படிச்சா எப்புடி?"

"புரியாத புக்க வாங்கிக்கினு போயி பூசையா போடச் சொல்றீங்க?"

அவர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். இரண்டு புத்தகங்களைத் தேர்ந்தெடுத்தாள். ஒன்று வெறும் சுவிட்சிலிருந்து தொடங்கியது. மற்றொன்று, கணினிக்கு எப்படிக் கட்டளை தருவது என்பதைப் பற்றியது.

மாடிப்படி விளக்கைக் கீழேயும் அணைக்கலாம், மேலேயும் அணைக்கலாம். அது எப்படி என்று கேட்டது முதல் புத்தகம். பிரின்சி இம்மானுவேலைக் கீழ் சுவிட்சில் நிறுத்திவிட்டு மேலே நின்றாள். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் விளக்கு இல்லை. ஒன்று மாறினால் எரிந்தது. இப்படிப்பட்ட சுவிட்சுகள் கோடிக்கணக்கில் சேர்ந்துதான் கம்ப்யூட்டர் கணக்கே போடுகிறது என்று படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

கேன்டீனிலும் படித்தாள். "இன்னாடி, கலெக்டர் ஆவப்போறியா?" என்றாள் பக்கத்து மேசை கங்கம்மா.

"கலெக்டரு எதுக்கு? இது போதும்."

இரண்டாம் புத்தகத்தில் ஒரு வரிக்குக் கீழே அழுத்திக் கோடு போட்டாள். கணினிக்கு விருப்பு வெறுப்பு இல்லை. சொன்னதை மட்டும்தான் செய்யும். மறுநாள் பட்டியல் ஒட்டும் இடத்திலேயே பரசுராமனைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், அதுக்கு யாரு சொன்னது?"

"எதுக்கு?"

"கம்ப்யூட்டருக்கு. அதுவா எதுவும் போடாது. பிரின்சிக்கு ஞாயிறு லீவு குடுக்காதேனு ஏதோ ஒரு ரூல் யாரோ சொல்லியிருக்காங்க. அது இன்னானு காட்டுங்க."

"வேலையப் பாரும்மா."

"பாக்குறேன். நாளைக்கும் வந்து கேப்பேன்."

கேட்டாள். அடுத்த நாளும் கேட்டாள். பிறகு அவளோடு சேர்ந்து இன்னும் இரண்டு பெண்கள் கேட்டார்கள். கடைசியில் பரசுராமன் எரிச்சலோடு போட்டு உடைத்தார்: "புள்ளைங்க இருக்கறவங்களுக்கு ஞாயிறு லீவு மொதல்ல. நான்தான் அப்புடிப் போடச் சொன்னேன். போதுமா?"

பிரின்சிக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகிப் பல வருடமாக அந்தக் கேள்வியை எல்லார் வாயிலும் கேட்டுப் பழகியவள்தான். ஆனால் ஒரு இயந்திரத்துக்குள்ளும் அதை எழுதி வைத்திருப்பார்கள் என்று நினைக்கவில்லை. அழவில்லை.

"புள்ள இல்லாதவளுக்கும் ஞாயித்துக்கிழம உண்டு சார். இத நீங்க என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா அன்னிக்கே பதில் சொல்லியிருப்பேன். கம்ப்யூட்டருக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினு சொன்னீங்க பாருங்க, அதுதான் தப்பு."

அங்கே நின்றிருந்த கங்கம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். அவள்தான், "ஆளுக்கு ஒரு வாரம்னு சுத்துல போடுங்க சார். என் ஞாயித்துல ஒண்ணு ரெண்டு போனாப் போவுது" என்றாள். எல்லாரும் அப்படி இல்லை. சிலர் பிரின்சியோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பிள்ளைக்காரிகள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாள் என்றும் ஒருத்தி சொன்னாள். அடுத்த மாதத்திலிருந்து ஞாயிறுகள் முறை வைத்து வந்தன.

பிரின்சி இப்போது, கணினி தன் நினைவில் எப்படி எதையும் வைத்துக்கொள்கிறது என்ற அத்தியாயத்தில் இருக்கிறாள். மூன்று முறை படித்தும் பிடிபடவில்லை. விடுவதாக இல்லை.