மூன்று மாத்திரையும் ஒரு மிடறு தண்ணீரும்

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. ஏன் என்று கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன், பிள்ளைகளே... சிரிக்கிற சேதி இல்லை.

கீழக்கரையில் என் காக்கா – உடன்பிறந்த அண்ணன் – வீட்டில் நோன்பு திறக்கப் போயிருந்தேன். அவருக்கு ரத்தக் கொதிப்பு. காலை, மதியம், மாலை என்று வேளைக்கு ஒரு மாத்திரை. பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம் கடித்தார். மதினி தண்ணீர் நீட்டினார். மூன்று மாத்திரையும் ஒரே மிடறில் உள்ளே போயின!

"என்ன காக்கா, மொத்தமா விழுங்குறீக?"

"பகல்ல தண்ணி தொடலாமாடா? கணக்குக் குறையாம உள்ள போகுதுல்ல, பொறவென்ன? நீ வடையத் தின்னு. அதுக்கு மட்டும் வேளை பாக்க மாட்டியே!"

சிரித்தோம். கஞ்சி குடித்தோம். காக்கா கண்ணைக் கசக்கினார்.

"தெனமும் இந்நேரம் கிறுகிறுன்னு வருது."

"நோன்பாளிக்கு வராம? பசி மயக்கந்தான்" என்றார் மதினி.

பசி மயக்கம் என்றால் வயிறு நிறைந்த பிறகா வரும்? யாருக்கும் அது தோன்றவில்லை.

தொழ நின்றோம். நெற்றியைத் தரையில் வைத்து எழுந்தவர் அப்படியே பின்னால் சாய்ந்தார். நிலைப்படியில் பின்மண்டை அடித்தது. கார் பிடித்து ராமநாதபுரம் கொண்டு போனோம்.

காக்காவுக்கு வழக்கமாக மருந்து எழுதித் தரும் டாக்டர்தான். நடந்ததைக் கேட்டு, மாத்திரைச் சீசாவைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "ஒரு மாத்திரைக்கே சட்டுன்னு எழுந்திரிச்சா தலை சுத்தும். மூணை ஒண்ணா போட்டா ரத்த அழுத்தம் விழுந்துரும்மா. நோன்பு இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? வேளைய மாத்திக் குடுத்திருப்பேன். இல்லாட்டி, நோன்பே வேணாம்னிருப்பேன்."

மதினிதான் சொன்னார்.

"அதுக்குப் பயந்துதான், டாக்டர், உங்கள்ட்ட சொல்லல... நோன்பை விடச் சொல்லிருவீகன்னு."

காக்கா கண் திறக்கவே இல்லை. பெருநாளுக்கு முன்பே அடக்கம் செய்துவிட்டோம்.

உங்கள் வீட்டிலும் ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடும் பெரியவர் இருப்பார். தலை சுற்றுகிறது என்றால் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். படுக்கையில் இருந்து மெதுவாக எழச் சொல்லுங்கள். பயந்துபோய் மாத்திரையை அவராகவே நிறுத்தவும் விடாதீர்கள்... அதுவும் ஆபத்துதான்.

நோயாளி விட்ட நோன்பைப் பிறகு நோற்றுக்கொள்ள மார்க்கத்தில் இடம் இருக்கிறது. விட்ட மாத்திரையைச் சேர்த்து விழுங்க உடம்பில் இடம் இல்லை!