சத்தமில்லாத பந்து

வீராங்கனைகளை வரவேற்க அரங்கின் வாசலில் புஸ்வாணம் கொளுத்தினார்கள். எனக்கு இது கடைசி ஆட்டம். பதினான்கு வருடங்களாகக் கூடைப்பந்துதான் சோறு போடுகிறது. புகை மூக்கில் ஏறியதும் அரங்கு மங்கி, சாத்தூர் வீடு தெரிந்தது.

எங்கள் தெருவுக்கு முதல் செல்போன் வந்திருந்த காலம் அது. அம்மா பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்திக்கொண்டிருந்தாள். சாயங்காலம் திரும்பும்போது விரல்கள் அலுமினியத் தூளில் வெள்ளியாக மின்னும். அங்கே எதையும் கீழே போடக்கூடாது, இழுக்கக்கூடாது. உரசினால் உயிர் போய்விடும். அந்தப் பழக்கத்தில் எங்கள் வீட்டுக் குடம்கூடச் சத்தமில்லாமல்தான் தரையில் இறங்கும்.

பள்ளிக்கூடத்துப் பந்தைக் கொண்டுவந்து நான் முற்றத்தில் தட்டிய அன்று, ஒவ்வொரு தட்டுக்கும் அம்மாவுக்கு உடம்பு தூக்கிப்போட்டது.

"தட்டாத தாயி, நெஞ்சு பதறுது" என்று பந்தை வாங்கி, மெதுவாக என் கையில் வைத்தாள்.

அதன்பின் அம்மா இருக்கும்போது பந்தைத் தரை தொடவிட்டதில்லை. மேலே எறிந்து, விழுமுன் ஏந்திக்கொள்வேன். அவளுடைய வெள்ளி விரல்கள் பதிந்த பந்து அந்தியில் நிலா மாதிரி ஏறி இறங்கும். பின்னாளில் எந்த வேகத்தில் வந்த பந்தும் என் கையில் சத்தமில்லாமல் அடங்கியது. அணியில் இடம் கிடைத்ததே அதனால்தான்.

என் ஆட்டம் எதற்கும் வராத அம்மா இன்று வந்திருக்கிறாள். முன்வரிசையில் காதைப் பொத்தியிருந்தவளிடம் போனேன்.

"சத்தம் தாங்குமாம்மா?"

கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கடைசி ஆட்டம்லா... நல்லாத் தட்டு தாயி. கேக்குறேன்."