பக்கம் நாற்பத்திரண்டு

யுத்தத்தில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது அம்மா அந்தோனியாருக்கு ஒரு நேர்த்தி வைத்தார்: உயிரோடு ஊர் திரும்பினால் பெருநாள் பூசையில் மகள் வாசகம் வாசிப்பாள். நேர்த்தி அவருடையது, வாய் என்னுடையது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மன்னார்க் கரையிலிருந்த எங்கள் கிராமத்துக்குத் திரும்பியும் விட்டோம். எனக்குப் பதினாலு வயது, வாசிக்க வராது. எழுத்தெல்லாம் வலையில் அகப்பட்ட சூடைமீன் மாதிரித் துள்ளும். இடம்பெயர்ந்ததில் படிப்புக் கொஞ்சம் குழம்பிவிட்டது, அவ்வளவுதான் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தார். நேர்த்தி தவறினால் அந்தோனியார் எங்களை மறுபடியும் முகாமுக்கு அனுப்பிவிடுவார் என்று நான் உண்மையாகவே பயந்தேன்.

கட்டுக்கரைப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் டீச்சரிடம் போய் அழுதேன். எழுதிக் கொடுத்ததை உரத்து வாசிக்கும் மென்பொருள் ஒன்றை, என்னைப் போன்றவர்களுக்காகப் பாடசாலைக் கணினியில் அவர் போட்டு வைத்திருந்தார். டீச்சர் சைவம். வேதப் புத்தகத்தில் ஒரு சொல் விட்டாலும் தெய்வக் குற்றமாகிவிடும் என்று, வாசகத்தை நகலெடுத்த இரண்டு தாளிலும் மேலிருந்து கீழ்வரை இருந்ததையெல்லாம் அப்படியே தட்டினார். மெசின் சந்தோசம், துக்கம் எதுவுமில்லாமல் வாசித்தது. இரண்டு கிழமை கேட்டுக் கேட்டு முழுவதையும் பாடமாக்கினேன்.

பெருநாளன்று கோவில் நிறையச் சனம். புத்தகத்தைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு, மெசினின் குரலிலேயே விளாசினேன். நடுவில், "பக்கம் நாற்பத்திரண்டு" என்றும் சொன்னேன்.

எங்கள் கோவிலில் ஒலிவாங்கியில் பக்க எண் சொன்னால் அந்தப் பக்கத்துப் பாட்டைப் பாடவேண்டும் என்று அர்த்தம். சனம் முழுவதும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டியது. முன்வரிசையில் அம்மாவும் மும்முரமாகப் புரட்டினார். தூங்கி வழிந்துகொண்டிருந்த ஆர்மோனியக்காரர் திடுக்கிட்டுக் கட்டையை அமுக்கினார். யூன் மாத வெயிலில், மார்கழியில் பாடும் பாலன் பிறந்த பாட்டை மூன்று சரணமும் பாடி முடித்தார்கள். சுவாமியார் தலையைக் குனிந்திருந்தார், தோள் மட்டும் குலுங்கியது. நான் விட்ட இடத்திலிருந்து பிசகாமல் தொடர்ந்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"நான் வாசிக்கேல்லை அம்மா. எனக்கு வாசிக்க வராது. மெசினைக் கேட்டுப் பாடமாக்கித்தான் சொன்னனான். நேர்த்தி தீருமோ?"

அம்மா கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். முகாமுக்கும் தூக்கிக்கொண்டு போன புத்தகம் அது.

"தீந்துது பிள்ளை. இதில இருக்கிறதெல்லாம் எனக்கும் பாடந்தான். எழுத்துத் தெரியாது. என்னால ஏலாதெண்டுதான் உன்னை நேந்தனான்."

அம்மா பின்னால் யாரும் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அந்த மெசின் பெரிய ஆக்களுக்கும் வாசிக்குமோ?"