கேட்குமுன் கொடுத்தவர்

கருப்பட்டி மிட்டாயை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு சூஃபியா சும்மா உட்கார்ந்திருப்பார். எதிரே நாலு வயதுப் பிள்ளை தவிக்கும். கொடுக்கமாட்டார். இப்படியும் ஒரு கல்நெஞ்சுக்காரியா என்று பார்க்கிறவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சாயல்குடியிலிருந்து ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய், பேச்சு வராத பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுப்பது அவர் வேலை. வயது நாற்பத்திரண்டு. பையில் சோப்புக் குமிழி டப்பா, மணி, பிரஷ் எல்லாம் பத்திரமாக இருக்கும். குடையை மட்டும் எந்த வீட்டிலாவது மறந்துவிட்டு வந்து நிற்பார்.

மாரியூரில் கோகிலா வீட்டில் போன வாரமும் இதே கூத்துதான்.

"அழுகுறான் டீச்சர், குடுத்துருங்களேன். அவன் பாக்குறத வச்சே எனக்குத் தெரியுதுல்ல?"

"தெரியுதும்மா. எல்லாத்தையும் நீங்களே புரிஞ்சுக்கிட்டா அவன் எதுக்கு வாயத் தொறக்கணும்? செத்த அங்கன உக்காருங்க."

அழுகை ஓய்ந்த பிறகு பையன் "தா" என்றான். கோகிலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். சூஃபியா மிட்டாயைக் கொடுத்த கையோடு செருப்பைத் தேடினார். முதல் சொல்லைக் கேட்ட வீட்டில் அதற்குமேல் அவருக்கு இருப்புக் கொள்ளாது.

காரணம், தம்பி தாஹா. முப்பத்தாறு வயது. இன்றுவரை ஒரு சொல் பேசியதில்லை. "அவன் கண்ணு அசைஞ்சாப் போதும், எம் மகளுக்குத் தெரிஞ்சிரும்" என்று அந்த நாளில் உம்மா தெருவெல்லாம் பெருமையடிப்பார். தண்ணீரோ சோறோ, அவன் நினைக்குமுன் அக்கா கொண்டுவந்து வைத்துவிடுவார். வாப்பா சவூதியிலிருந்து போன் செய்தால் தம்பிக்கும் சேர்த்து இவரே பேசுவார்: "நல்லாருக்கானாம் வாப்பா, பொம்மைக் கார் வேணுமாம்."

இருபத்தெட்டு வயதில் இந்தப் பயிற்சிக்குப் படிக்கப் போனபோதுதான், பிள்ளை கேட்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரிந்தது. அன்றைக்கு வகுப்பில் பாதியில் எழுந்துபோய்க் கழிப்பறையில் நின்று அழுதார். "யா அல்லா, பாசம்னுல்ல நெனச்சேன். நாந்தான் அவன் வாயை அடைச்ச பாவி" என்று இப்போதும் மருகுவார். நீங்கள் காரணமில்லை, அவன் மூளை வளர்ந்த விதம் அப்படி என்று டாக்டர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். மனசு கேட்டால்தானே!

விட்டபாடும் இல்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும் தேத்தண்ணி டம்ளரோடு தாஹா முன்னால் உட்காருவார். சாவதற்குள் தம்பி வாயால் ஒரே ஒரு சொல் கேட்டுவிட வேண்டும் அவருக்கு.

"கேளு தாஹா. லாத்தாகிட்ட கேளுடா."

அவன் டம்ளரைப் பார்ப்பான். பிறகு அக்காவின் முகத்தைப் பார்ப்பான். அந்தப் பார்வை பட்டதும் கை தானாக நீண்டுவிடும். பதினாலு வருஷமாகத் தோற்பது இந்த இடத்தில்தான். அதனால் நேற்று சூஃபியா கண்களை இறுக மூடிக்கொண்டார்.

தாஹா கிட்டே நகர்ந்து வந்து, ஒரு விரலால் அக்காவின் இமையை மெல்லத் தூக்கித் திறந்தான்.