ஆணி மேல் போட்ட பழி

அக்காவின் கணவர், என் அத்தான், சோபாவுக்கு ரெக்சின் அடிப்பதில் மகா கெட்டிக்காரர். ஒரு கை ரெக்சினை இழுக்கும், மறுகை சுத்தியல் பிடிக்கும். குட்டி ஆணிகள் வலது கன்னத்துக்குள் கிடக்கும். நாக்கு ஒவ்வொன்றாகத் தள்ளிக் கொடுக்கும். இடது கன்னத்தில் புகையிலை. அதைப் பழக்கிவிட்ட பாவி நான்தான். பக்கத்திலேயே வேலை பார்க்கிறேன், நானும் புகையிலை போடுகிறவன்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவர் கன்னத்துக்குள் புண் வந்தது.

"ஆணி குத்தியிருக்கும் மச்சான்."

"ஆமா அத்தான், துருப்பிடிச்ச ஆணி" என்று நானும் ஒத்து ஊதினேன்.

புண் இருந்தது இடப்பக்கம், ஆணி இருந்தது வலப்பக்கம். இதுகூடத் தெரியாத மடையர்களா என்று கேட்காதீர்கள். தெரிய வேண்டாம் என்று இருந்தோம். ஒரு டப்பாவை அவர் இடுப்பில் கட்டி, ஆணியை அதில் போட வைத்தேன். காலியான கன்னத்திலும் புகையிலை ஏறிக்கொண்டது.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தக் கருமத்தத் துப்பிட்டு ஒரு எட்டு டாக்டர்கிட்ட போயிட்டு வாங்களேன்!"

"இது இல்லன்னா கை ஓடாதுடி" என்று மழுப்பினார். கடைசியில் வாயில் இரண்டு விரல்கூட நுழையவில்லை. அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினோம். சதை எடுத்துச் சோதித்தார்கள்.

இன்று காலை டாக்டரம்மா முடிவைச் சொன்னார். "புத்துநோய்தான். ஆணியால வரல, புகையிலையால வந்தது. புண்ணு ரெண்டு மூணு வாரத்துல ஆறலன்னதுமே வந்திருந்தா சின்னதா வெட்டி எடுத்திருக்கலாம். இப்ப தாடை எலும்பையும் எடுக்கணும்."

"எடுத்துட்டா பொழைச்சுக்குவேனா?"

"எங்களால ஆனதப் பண்றோம்."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே ஓடி வந்து தண்ணீர்க் குழாய் அருகே நின்றேன். ஐயோ, அப்போதும் கை தானாகப் பைக்குள் போய், புகையிலையை எடுத்துக் கன்னத்துக்குள் அடக்கியது. த்தூ, நானெல்லாம் ஒரு மனுஷன்!

பின்னாலேயே வந்த அக்கா என் கன்னத்தைப் பார்த்தாள்.

"வாயத் தெற."

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். தாடையைப் பிடித்து, மண் தின்ற குழந்தைக்குச் செய்வதுபோல விரலை விட்டுத் தோண்டினாள். விரல் ஓரிடத்தில் பட்டதும் உயிர் போனது. கத்திவிட்டேன்.

"இந்தப் புண்ணு எத்தனை நாளா இருக்கு?"

"ஒரு மாசமா."

அவள் அழவில்லை, திட்டவில்லை. சட்டையைப் பிடித்து அதே அறைக்கு என்னை இழுத்துப் போனாள். உள்ளே அத்தான் இன்னும் நாற்காலியிலேயே இருந்தார்.

"டாக்டர்," என்றாள், "இவனையாவது பாருங்க."